பாட்டில் பறந்தது, தீர்ப்பு மாறியது: ஆஸ்டின், அக்டோபர் 2024

2024 அக்டோபர் 19, சனிக்கிழமை இரவு. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத் தலைநகர் ஆஸ்டினில், டேரல் கே. ராயல் ஸ்டேடியத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். கல்லூரி ஃபுட்பால் தரவரிசையில் அப்போது முதலிடத்தில் இருந்த டெக்சஸ் பல்கலைக்கழகமும், ஐந்தாமிடத்தில் இருந்த ஜார்ஜியா பல்கலைக்கழகமும் மோதின. இங்கே ஃபுட்பால் என்று சொல்வது அமெரிக்கன் ஃபுட்பால். தோள்கவசம், தலைக்கவசம் எல்லாம் போட்டுக்கொண்டு, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம்.

மூன்றாம் கால்பகுதியில் ஜார்ஜியா 23–8 என்று முன்னிலையில் இருந்தது. ஜார்ஜியாவின் கார்சன் பெக் எறிந்த பந்தை, டெக்சஸின் ஜடே பாரன் குறுக்கே புகுந்து பறித்தார். பறித்த பந்தோடு ஜார்ஜியாவின் 9 யார்டு கோடு வரை ஓடினார். இன்னும் 9 யார்டு போனால் டச் டவுன், அதாவது எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது. தோற்றுக்கொண்டிருந்த அணிக்கு உயிர் வந்த நேரம். மைதானமே எழுந்து நின்றது.

அப்போதுதான் புல்தரையில் மஞ்சள் கொடி கிடப்பதைப் பார்த்தார்கள். பந்தைப் பிடிக்கப் போன எதிரணி வீரரை பாரன் தடுத்தார் என்று ஒரு நடுவர் கொடி எறிந்திருந்தார். பாஸ் இன்டர்ஃபியரன்ஸ் என்று அதற்குப் பெயர். கொடி நின்றால் பந்து பறித்தது செல்லாது. பந்து ஜார்ஜியாவிடமே இருக்கும், அதற்கு மேல் முன்னே போகப் புதிய வாய்ப்பும் கிடைக்கும். நடுவர் அப்படித்தான் அறிவித்தார்.

மாணவர்கள் உட்கார்ந்திருந்த மூலையிலிருந்து முதலில் பாட்டில்கள் வந்தன. பெரும்பாலும் தண்ணீர் பாட்டில்கள். ஒன்று, இரண்டு, அப்புறம் எண்ண முடியாத அளவு. ஆட்டம் நின்றது. டெக்சஸ் பயிற்சியாளர் ஸ்டீவ் சார்கிசியன் மைதானத்தைக் கடந்து அந்த மூலைக்கே போய், போதும் நிறுத்துங்கள் என்று மாணவர்களைப் பார்த்துக் கைகாட்டினார். ஊழியர்கள் குப்பையைப் பொறுக்கினார்கள். இதற்கெல்லாம் சில நிமிடங்கள் பிடித்தன.

அந்த நிமிடங்களில் நடுவர்கள் கூடிப் பேசினார்கள். பேசி முடித்ததும், தவறு எதுவும் நடக்கவில்லை என்று அறிவித்துக் கொடியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பந்து டெக்சஸுக்கு வந்தது. அடுத்த சில முயற்சிகளிலேயே டச் டவுன் அடித்தார்கள், 23–15. ஒரு கை பார்த்துவிடலாம் என்ற நிலை வந்தது. கடைசியில் ஜார்ஜியா 30–15 என்று வென்றது.

கல்லூரி விளையாட்டில் பார்வையாளர் நடத்தை பற்றிப் பேசும்போது நான் திரும்பத் திரும்ப இந்த இரவுக்கே வருகிறேன். பாட்டில் எறிந்த சம்பவங்கள் ஏராளம். எறிந்தவர்கள் கேட்டது மைதானத்திலேயே அவர்கள் கைக்கு வந்து சேர்ந்த சம்பவங்கள் மிகக் குறைவு. அதைவிடச் சிக்கலான விஷயம், அவர்கள் கேட்டது நியாயமாகவும் இருந்தது.

கொடி தவறு என்பதில் சந்தேகமில்லை

இதை முதலில் ஒத்துக்கொண்டுதான் மேலே பேச வேண்டும். பாரன் செய்தது சுத்தமான ஆட்டம். அன்றே கான்ஃபரன்ஸ் அலுவலகம் வெளியிட்ட அறிக்கையும் அதைத்தான் சொன்னது: பெனால்டி முதலில் கையாளப்பட்ட விதம் சரியில்லை, நடுவர்கள் கூடிப் பேசியபோது கொடி எறிந்தவரே தன் தவறை ஒப்புக்கொண்டார். அதே மூச்சில், மைதானத்தில் பொருள்களை எறிவது எந்த நேரத்திலும் ஏற்கத்தக்கதல்ல என்றும், அது குறித்துத் தனியாக நடவடிக்கை பரிசீலிக்கப்படும் என்றும் சொன்னது.

கான்ஃபரன்ஸ் என்றால் கல்லூரிகள் சேர்ந்து அமைத்துக்கொண்ட லீக். டெக்சஸும் ஜார்ஜியாவும் இருப்பது சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ், சுருக்கமாக எஸ்.இ.சி. அலபாமா மாநிலத்தின் பர்மிங்காமில் அதன் அலுவலகம். டெக்சஸும் ஓக்லஹோமாவும் 2024 ஜூலையில் சேர்ந்தபோது அது 16 கல்லூரிகளின் லீக் ஆனது. ஆக, டெக்சஸுக்கு அந்த லீக்கில் இது முதல் சீசன்.

இங்கே ஒரு விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். கல்லூரி ஃபுட்பாலில் பாஸ் இன்டர்ஃபியரன்ஸ் தீர்ப்பை வீடியோ பார்த்து மாற்ற முடியாது. பந்து கோட்டைத் தாண்டியதா, பிடித்தாரா விட்டாரா என்பதையெல்லாம் ரீப்ளேயில் பார்க்கலாம். தடுத்தாரா என்பது நடுவரின் மதிப்பீடு, அது களத்தில் இருப்பவர்களின் பொறுப்பு. தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். 2019இல் இதை வீடியோவுக்குக் கொண்டுவந்து பார்த்தது. ஒரே சீசன்தான், குழப்பம் மிஞ்சியதால் கைவிட்டது. ஆக, ஆஸ்டினில் தீர்ப்பை மாற்ற நடுவர்களுக்கு இருந்த ஒரே வழி, தங்களுக்குள் பேசுவது. அதற்கு விதியில் இடம் உண்டு. அறிவிக்கும் முன்பே பேசியிருக்கலாம், பேசியிருக்க வேண்டும். பெனால்டியை அறிவித்துவிட்டு, பாட்டில் மழைக்குப் பிறகு பேசியதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

பாட்டில் வராமல் இருந்திருந்தால் நடுவர்கள் கூடியிருப்பார்களா? ஆட்டம் வேகமாக நகரும். அடுத்த பந்து ஆடத் தொடங்கிவிட்டால் பழைய பெனால்டியைத் தொட முடியாது. எறியப்பட்ட பாட்டில்கள் அவர்களுக்கு நேரம் வாங்கிக் கொடுத்தன. அந்த நேரம் இல்லாமலும் அவர்கள் திருத்தியிருக்கலாம் என்று யாராவது சொன்னால் மறுக்க என்னிடம் ஆதாரமில்லை. ஆனால் அந்த மூலையில் உட்கார்ந்திருந்த இருபது வயதுப் பையன் என்ன பாடம் கற்றிருப்பான் என்று கேட்டால், பதில் ஒன்றுதான்.

ஜார்ஜியா பயிற்சியாளர் கிர்பி ஸ்மார்ட் ஆட்டம் முடிந்ததும் இதைத்தான் சொன்னார். மைதானத்தில் பொருள்களை எறிந்து வீரர்களை ஆபத்தில் தள்ளினால் தீர்ப்பை மாற்ற வாய்ப்புண்டு என்று இன்று ஒரு முன்னுதாரணம் உருவாகிவிட்டது என்றார். ஜெயித்த பயிற்சியாளர் சொன்னது இது. தோற்றிருந்தால் வயிற்றெரிச்சல் என்று ஒதுக்கியிருப்பார்கள்.

யாரைத் தண்டித்தார்கள்

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை எஸ்.இ.சி. தண்டனையை அறிவித்தது. டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு 2,50,000 டாலர் அபராதம். பாதுகாப்புக் கேமரா, தொலைக்காட்சிப் பதிவு என்று கையில் உள்ள எல்லாவற்றையும் வைத்து, எறிந்தவர்களை அடையாளம் காண வேண்டும். கண்டுபிடிக்கப்பட்டவர்கள் 2024–25 கல்வியாண்டு முடியும்வரை பல்கலைக்கழகத்தின் எந்த விளையாட்டுப் போட்டிக்கும் வரக்கூடாது. மைதான நிர்வாக நடைமுறைகளையும் மது விற்பனைக் கொள்கையையும் பல்கலைக்கழகம் மறுபரிசீலனை செய்ய வேண்டும். மது விற்கும் உரிமையை இப்போதைக்கு நிறுத்தவில்லை, சொன்னதைச் செய்யாவிட்டால் நிறுத்துவோம் என்பதும் அதில் இருந்தது. மது இதில் ஏன் வருகிறது என்றால், 2019 வரை எஸ்.இ.சி. மைதானங்களில் பொதுக் கேலரியில் மது விற்கத் தடை இருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டிலிருந்துதான் ஒவ்வொரு கல்லூரியும் தானே முடிவு செய்யலாம் என்று விட்டார்கள்.

டெக்சஸ் பல்கலைக்கழகத் தலைவர் ஜே ஹார்ட்செல்லும் விளையாட்டுத் துறை இயக்குநர் கிறிஸ் டெல் கான்டேயும் ஜார்ஜியாவிடமும் லீக்கிடமும் மன்னிப்புக் கேட்டு அறிக்கை விட்டார்கள். சாக்குப்போக்கு இல்லாத மன்னிப்பு அது.

இப்போது கணக்கைப் பார்ப்போம். டெக்சஸ் விளையாட்டுத் துறையின் ஆண்டு வருமானம் 25 கோடி டாலருக்கு மேல். நாட்டிலேயே அதிகம் சம்பாதிக்கும் கல்லூரி விளையாட்டுத் துறைகளில் ஒன்று. இரண்டரை லட்சம் என்பது அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. பாட்டில் எறிந்தவரின் சட்டைப் பையிலிருந்து அதில் ஒரு சென்ட்கூடப் போகவில்லை. கட்டியது பல்கலைக்கழகம், மைதானத்தில் பலன் அடைந்தது அணி, எறிந்தவர் வீட்டுக்குப் போனார். அவரைத் தொடும் ஒரே பகுதி அந்தத் தடைதான். என் கருத்தில் இந்தத் தண்டனையில் உண்மையான பல் அதற்கு மட்டுமே இருக்கிறது.

கல்லூரி மைதானத்தில் அந்தப் பல்லுக்கு வேலை செய்யும் வாய்ப்பும் அதிகம். தொழில்முறை ஆட்டத்தில் டிக்கெட் வாங்கி வருபவர் யாரோ எவரோ. கல்லூரியில் மாணவர் பகுதியில் இருப்பவர் அந்தப் பல்கலைக்கழகத்தின் அடையாள எண்ணைக் காட்டி டிக்கெட் வாங்கியவர், நாளைக் காலை அதே வளாகத்தில் வகுப்புக்கு வர வேண்டியவர். அவருக்கென்று ஒரு மாணவர் நடத்தை விதி உண்டு. ஆனால் ஒரு சிக்கல்: பல கல்லூரிகளில் மாணவர் பகுதிக்கு இருக்கை எண் கிடையாது, முதலில் வருபவர் முன்னால் உட்காரலாம். அதனால் டிக்கெட்டை வைத்து ஆளைப் பிடிக்க முடியாது, முகத்தை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். ஒரே நிறச் சட்டை போட்ட பல்லாயிரம் பேரில் ஒரு கை எறிந்ததைக் கேமராவில் தேடுவது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மூன்று ஆண்டுக்கு முன் நாக்ஸ்வில்லில்

இதே லீக், இதே அபராதத் தொகை. 2021 அக்டோபர் 16, டென்னசி பல்கலைக்கழகத்தின் நேலண்ட் ஸ்டேடியம், நாக்ஸ்வில். எதிரணி ஓல் மிஸ் என்று அழைக்கப்படும் மிசிசிப்பி பல்கலைக்கழகம். அதன் அப்போதைய பயிற்சியாளர் லேன் கிஃபின், 2009இல் டென்னசிக்குப் பயிற்சியாளராக இருந்துவிட்டு ஒரே சீசனில் விட்டுப் போனவர். அந்தக் கோபம் பன்னிரண்டு ஆண்டாக ஊரில் இருந்தது.

ஆட்டம் முடிய 54 விநாடி இருக்கும்போது, பந்தைத் தொடர்ந்து தங்களிடம் வைத்துக்கொள்ளத் தேவையான கோட்டை டென்னசி வீரர் எட்டவில்லை என்று தீர்ப்பானது. கொஞ்சம்தான் குறை. வீடியோ பார்த்தும் தீர்ப்பு மாறவில்லை. அப்போது பறக்கத் தொடங்கியவை தண்ணீர் பாட்டில்கள் மட்டுமல்ல. கோல்ஃப் பந்து ஒன்று கிஃபின் மேல் பட்டது. கடுகுச் சாஸ் பாட்டில் ஒன்றுகூட வந்து விழுந்தது. ஆட்டம் சுமார் இருபது நிமிடம் நின்றது. சியர் லீடர்களும் இசைக்குழுவும் இடத்தைக் காலி செய்ய வேண்டியிருந்தது. டென்னசிக்குச் சாதகமாக எதுவும் மாறவில்லை. ஓல் மிஸ் 31–26 என்று ஜெயித்தது. அபராதம் 2,50,000 டாலர், எறிந்தவர்களைக் கண்டுபிடிக்க உத்தரவு, மதுக் கொள்கையை மறுபரிசீலிக்க உத்தரவு.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லீக்கின் கண்ணில் இரண்டும் ஒரே குற்றம், ஒரே விலை. மைதானத்தில் இரண்டுக்கும் விளைவு நேர் எதிர். டென்னசி ரசிகர்களுக்குக் கையில் எதுவும் கிடைக்கவில்லை. டெக்சஸ் ரசிகர்களுக்குப் பந்து கிடைத்தது. பலன் கிடைத்த குற்றத்துக்கும் பலன் கிடைக்காத குற்றத்துக்கும் ஒரே தொகை வைத்தால், அந்தத் தொகை பலனை ஈடுகட்டவில்லை என்றுதான் ஆகிறது. பலனை ஈடுகட்டுவது அபராதத்தின் வேலையே இல்லை என்று லீக் சொல்லலாம். அப்படியானால் அது யாருடைய வேலை?

தலைக்கவசம் போட்ட வீரருக்குப் பாட்டில் பட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது என்று நினைப்பவர்கள், மைதானத்தின் ஓரத்தில் யார் யார் நிற்கிறார்கள் என்று ஒருமுறை கவனித்துப் பார்க்கலாம். சியர் லீடர் பெண்கள், இசைக்குழு மாணவர்கள், பந்து எடுத்துக் கொடுக்கும் பையன்கள், புகைப்படக்காரர்கள், மருத்துவ உதவியாளர்கள். இவர்களில் பெரும்பாலோர் தலையில் எதுவும் இல்லாமல் நிற்பவர்கள். மேல் அடுக்கிலிருந்து எறியும் நிரம்பிய பாட்டில் முதலில் போய் விழுவதும் ஓரத்தில் நிற்கும் இவர்கள் மேல்தான். பலர் அதே கல்லூரியின் மாணவர்கள். எறிபவர் தன் வகுப்புத் தோழியின் தலையைக் குறிவைக்கிறோம் என்று அந்த நேரத்தில் நினைப்பதில்லை.

விதிப் புத்தகத்தில் ரசிகருக்கு இடமில்லை

கல்லூரி ஃபுட்பால் விதிப் புத்தகம் தொடக்கத்திலேயே, இந்த விதிகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் யார் என்று பட்டியல் போடுகிறது. ஆடுபவர்கள், மாற்று வீரர்கள், பயிற்சியாளர்கள், சியர் லீடர்கள், இசைக்குழுவினர், கல்லூரிச் சின்னமாக வேடம் போட்டு ஆடுபவர், ஒலிபெருக்கியில் அறிவிப்பவர், ஒலி, ஒளி, வீடியோ இயக்குபவர்கள் என்று நீள்கிறது அது. இவர்களில் யார் எல்லை மீறினாலும் அணிக்குப் பெனால்டி விழலாம். பணம் கொடுத்து உள்ளே வந்த பார்வையாளர் அந்தப் பட்டியலில் இல்லை.

பட்டியலில் இல்லாதவர்களால் ஆட்டம் நின்றால் என்ன செய்வது என்றும் விதி சொல்கிறது. நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, வீரர்களைத் தங்கள் அணியின் இடத்துக்கு அனுப்ப வேண்டும். பிரச்சினையை மைதான நிர்வாகத்திடம் ஒப்படைக்க வேண்டும். நிலைமை சரியானது என்று தோன்றியதும் ஆட்டத்தைத் தொடர வேண்டும். அவ்வளவுதான். ஒப்படைத்துவிட்டுக் காத்திருக்கும் அந்த இடைவெளியில் நடுவர் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதுதான் ஆஸ்டினில் கேள்வியானது.

கல்லூரிக் கூடைப்பந்தில் கதை வேறு. அங்கே ஓர் அணியின் ஆதரவாளர்கள் கோர்ட்டில் பொருள்களை எறிந்தால் அந்த அணிக்கே டெக்னிக்கல் ஃபவுல் கொடுக்கலாம். எதிரணிக்கு ஃப்ரீ த்ரோ, அதாவது புள்ளி கிடைக்கும் வாய்ப்பு. ஆர்கன்சா மாநிலத்தில் ஜான் பிரவுன் பல்கலைக்கழகம் என்று ஒரு சிறிய கல்லூரி உண்டு. சீசனின் முதல் உள்ளூர் ஆட்டத்தில் தங்கள் அணி முதல் கூடை போட்டதும் மாணவர்கள் எல்லோரும் டாய்லெட் பேப்பர் சுருள்களைக் கோர்ட்டில் எறிவார்கள். வருஷா வருஷம் நடக்கும் விழா அது. டெக்னிக்கல் ஃபவுலும் வருஷா வருஷம் விழும். விலை என்ன என்று எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும், மனமறிந்து கொடுக்கிறார்கள். காற்றில் மிதந்து விழும் காகிதச் சுருளை நிரம்பிய பாட்டிலோடு ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் செயலுக்கு அங்கேயே, அப்போதே, ஸ்கோர் பலகையில் விலை உண்டு என்பது கூட்டத்துக்குத் தெரிந்தால் கூட்டம் அதை ஒரு கணக்காக எடுத்துக்கொள்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சாட்சி இதுதான்.

அப்படியென்றால் ஃபுட்பாலிலும் அணியை 15 யார்டு பின்னுக்குத் தள்ளும் பெனால்டி வைத்துவிடலாமே? எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. யோசித்துப் பார்த்தால் தயக்கம் வருகிறது. நாலாயிரம், ஐந்தாயிரம் பேர் கொள்ளும் மூடிய அரங்கில் யார் எறிந்தார், எந்த அணியின் ஆள் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஒரு லட்சம் பேர் கொண்ட திறந்த மைதானத்தில், எதிரணி ஆதரவாளர்களும் ஆயிரக்கணக்கில் இருக்கும் இடத்தில், நடுவர் எப்படிச் சொல்வார்? தன் அணிக்கு 15 யார்டு கிடைக்கும் என்றால் எதிரணி ரசிகர் ஒருவரே எறியவும் கூடும். அதோடு, கேலரியில் இருப்பவர் செய்ததற்குக் களத்தில் உழைக்கும் வீரர்கள் ஏன் பழி சுமக்க வேண்டும்?

நமக்குத் தெரிந்த ஒரு மைதானம்

கேலரி செய்ததற்கு அணி முழு விலை கொடுத்த சம்பவம் நம் தலைமுறை மறக்க முடியாத ஒன்று. 1996 மார்ச் 13, கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ், உலகக் கோப்பை அரையிறுதி. இலங்கை 251 ரன் எடுத்திருந்தது. இந்தியா 120 ரன்னுக்கு 8 விக்கெட் இழந்து நின்றபோது பாட்டில்கள் பறந்தன, கேலரியில் இருக்கைகள் எரிந்தன. மேட்ச் ரெஃப்ரி கிளைவ் லாய்ட் வீரர்களை உள்ளே அழைத்தார். சிறிது நேரம் கழித்து ஆட்டத்தைத் தொடர முயன்றார்கள், மறுபடி எறிந்தார்கள். லாய்ட் ஆட்டத்தை இலங்கைக்கே கொடுத்துவிட்டார். வினோத் காம்ப்ளி அழுதுகொண்டே மைதானத்தை விட்டு வெளியேறிய படம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

லாய்ட் கையில் இருந்த அதிகாரம் ஆஸ்டின் நடுவர்களிடம் இருந்திருந்தால் பயன்படுத்தியிருக்க வேண்டுமா என்றால், வேண்டாம் என்றே சொல்வேன். ஈடனில் ஆட்டம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. ஆஸ்டினில் ஒரு கால்பகுதிக்கு மேல் பாக்கி. ஆனால் லாய்ட் செய்ததில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு: கூட்டத்தின் செயலால் கூட்டத்தின் அணிக்கு ஒரு ரன்கூடக் கிடைக்கவில்லை.

மூன்று ஆண்டு கழித்து, 1999 பிப்ரவரியில், அதே ஈடனில் பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்ட். ஷோயப் அக்தரோடு மோதிய சச்சின் ரன் அவுட் ஆனதும் மீண்டும் பாட்டில்கள். சச்சினே மைதானத்தைச் சுற்றி நடந்து கூட்டத்தைக் கையெடுத்துக் கேட்டுக்கொண்டார். அன்றைக்கு அடங்கினார்கள். கடைசி நாள் மறுபடி தொடங்கியபோது, போலீஸ் கேலரி முழுவதையும் காலி செய்தது. காலி மைதானத்தில் ஆட்டம் முடிந்தது, பாகிஸ்தான் ஜெயித்தது. ஆஸ்டினில் சார்கிசியன் மாணவர் பகுதியை நோக்கி நடந்ததைப் பார்த்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது சச்சினின் அந்த நடைதான்.

கிளீவ்லாண்டில் 2001 டிசம்பர் 16 அன்று நடந்த தொழில்முறை ஆட்டம் ஒன்றையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். அடுத்த பந்து ஆடப்பட்ட பிறகும் நடுவர்கள் பின்னால் போய் முந்தைய பந்துக்கு வீடியோ பார்த்து, உள்ளூர் அணிக்கு எதிராகத் தீர்ப்பை மாற்றினார்கள். ரசிகர்கள் பாட்டில்களால் மைதானத்தை நிரப்பினார்கள். கல்லூரி ஆட்டம் இல்லை என்றாலும் வேர் ஒன்றே. நடுவர்கள் முடிவைச் சொல்லிவிட்டு மாற்றும்போதும், மாற்ற வேண்டியதை மாற்றாமல் விடும்போதும், கூட்டத்துக்குள் ஓர் எண்ணம் விழுகிறது: தீர்ப்பு இன்னும் கையெழுத்தாகவில்லை, தள்ளினால் நகரும் என்று.

மைதானத்தில் இறங்குவது தனி விஷயம்

பாட்டில் எறிவதையும், வெற்றிக்குப் பிறகு மைதானத்தில் இறங்குவதையும் பலர் ஒரே மூட்டையில் கட்டுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆஸ்டின் சம்பவத்துக்கு இரண்டு வாரம் முன்பு, அக்டோபர் 5 அன்று, நாஷ்வில்லில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் அலபாமாவை 40–35 என்று வீழ்த்தியது. மாணவர்கள் இறங்கி, கோல் கம்பத்தைப் பிடுங்கி, ஊர் வழியே தூக்கிக்கொண்டு போய் கம்பர்லாண்ட் ஆற்றில் போட்டார்கள். 1,00,000 டாலர் அபராதம். 2022இல் டென்னசி அலபாமாவை 52–49 என்று வென்றபோதும் இப்படித்தான், கம்பம் டென்னசி ஆற்றுக்குப் போனது. அது மகிழ்ச்சியின் வெறி. ஆபத்து இல்லை என்று சொல்லவில்லை. 2024 பிப்ரவரி 24 அன்று வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து ஆட்டம் முடிந்ததும் கோர்ட்டில் பாய்ந்த கூட்டத்தில் டியூக் பல்கலைக்கழக வீரர் கைல் ஃபிலிபௌஸ்கிக்கு அடிபட்டது. அதற்கு ஒரு மாதம் முன் ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகக் கோர்ட்டில் கூடைப்பந்து வீராங்கனை கெய்ட்லின் கிளார்க் மேல் ஒரு ரசிகர் மோதி அவர் கீழே விழுந்தார். 2025இல் எஸ்.இ.சி. ஒவ்வொரு முறை இறங்குவதற்கும் 5,00,000 டாலர் என்று ஒரே தொகையாக உயர்த்தியது.

இருந்தாலும் ஆட்டம் முடிந்த பிறகு இறங்குபவர் ஆட்டத்தின் முடிவைத் தொடுவதில்லை. பாட்டில் எறிபவர் முடிவைத் தொடப் பார்க்கிறார். அந்த வித்தியாசம் தண்டனையில் தெரிய வேண்டும்.

என்ன செய்திருக்கலாம்

நடுவர்கள் பக்கம்: கொடி விழுந்ததும், அறிவிப்பதற்கு முன், சர்ச்சைக்குரிய மதிப்பீட்டுத் தீர்ப்புகளில் கூடிப் பேசுவதைக் கட்டாயமாக்கலாம். முப்பது விநாடி போதும். ஆஸ்டினில் அந்த முப்பது விநாடி முதலிலேயே செலவாகியிருந்தால் பாட்டில்களே வந்திருக்காது. அடுத்தது கொஞ்சம் கடுமையானது. அறிவித்த மதிப்பீட்டுத் தீர்ப்பை, கூட்டத்தால் ஆட்டம் நின்ற பிறகு, மாற்றக் கூடாது. தவறான தீர்ப்பு நிற்கட்டுமா என்று கேட்பீர்கள். ஆம், நிற்கட்டும். பாரனுக்கு அது அநியாயம்தான், எனக்குத் தெரியும். ஆனால் தவறான கொடி ஒவ்வொரு வாரமும் பத்து மைதானங்களில் விழுகிறது, வீரர்கள் தாங்கிக்கொண்டு ஆடுகிறார்கள். பாட்டிலால் திருத்தப்பட்ட கொடி மட்டும்தான் அடுத்த பாட்டிலைக் கூப்பிடுகிறது.

கல்லூரி பக்கம்: மாணவர் பகுதிக்கு இருக்கை எண் கொடுக்கட்டும். மாணவர்களுக்குப் பிடிக்காது, முன்வரிசைக்காக வரிசையில் நிற்பதே அவர்களுக்கு ஒரு கொண்டாட்டம். சரி, அது வேண்டாம் என்றால், பகுதி பகுதியாகப் பிரித்து, எந்தப் பகுதியிலிருந்து வந்ததோ அந்தப் பகுதி அடுத்த ஆட்டத்துக்கு மூடப்படும் என்று சீசன் தொடக்கத்திலேயே சொல்லட்டும். பக்கத்தில் இருப்பவனே கையைப் பிடிப்பான். ஐரோப்பிய கால்பந்தில் கேலரியின் ஒரு பகுதியை மட்டும் மூடுவது பல ஆண்டாக நடைமுறையில் இருக்கிறது. குற்றமில்லாதவர்களும் சேர்ந்து தண்டனை அனுபவிப்பார்கள் என்ற குறை இதற்கும் உண்டு. ஆனால் இரண்டரை லட்சம் டாலரைப் பல்கலைக்கழகம் கட்டும்போதும் குற்றமில்லாதவர்கள்தான் கட்டுகிறார்கள். பகுதியை மூடினால் குறைந்தபட்சம் எறிந்தவரும் அந்தக் கணக்கில் வருவார்.

லீக் பக்கம்: அபராதத் தொகையை மைதானத்தில் கிடைத்த பலனோடு இணைக்கட்டும். தீர்ப்பு மாறிய ஆட்டத்துக்கும் மாறாத ஆட்டத்துக்கும் வேறு வேறு தொகை. அதில் ஒரு பங்கை, மைதான ஓரத்தில் நிற்கும் சியர் லீடர்களுக்கும் இசைக்குழுவுக்கும் பாதுகாப்பு ஏற்பாடு செய்ய ஒதுக்கலாம்.

சார்கிசியன் நடந்த நடையை மறுபடி சொல்ல வேண்டும். தன் அணிக்குச் சாதகமாக இருந்த கூச்சலை நிறுத்தப் போனார் அவர். அன்றிரவு அவருடைய அணி தோற்றுக்கொண்டிருந்தது, கொடி தவறு என்பது அவருக்கு நன்றாகவே தெரியும், கோபப்பட எல்லா நியாயமும் இருந்தது. பயிற்சியாளர் கேலரியிடம் போக வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. அணித் தலைவரோ பயிற்சியாளரோ கூட்டத்தோடு பேசுவதை ஆட்ட நிறுத்த நடைமுறையின் முதல் படியாகவே எழுதி வைக்கலாம் என்று நான் நினைக்கிறேன். பாதுகாப்பு ஊழியரின் மஞ்சள் சட்டையைப் பார்த்து அடங்காத மாணவன், தன் பயிற்சியாளரின் முகத்தைப் பார்த்தால் யோசிப்பான்.

அதே ஆண்டு டிசம்பர் 7 அன்று, அட்லாண்டாவில், லீக் இறுதி ஆட்டத்தில் இரண்டு அணிகளும் மறுபடி சந்தித்தன. ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய், ஜார்ஜியா 22–19 என்று ஜெயித்தது.